செய்தி உங்களைத் தேடி வரட்டும்!



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். இன்று காலையில் கண் விழித்ததும் உங்கள் கைப்பேசியில் முதலில் எதைப் பார்த்தீர்கள்? புலனம் என்று நாம் சொல்லும் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த 'காலை வணக்கம்' படங்களே இருபதாவது இருந்திருக்கும். ஒரு ரோஜாப்பூ, ஒரு பிள்ளையார், ஒரு பொன்மொழி. அதற்குக் கீழே, "இந்தப் பழத்தைச் சாப்பிடாதீர்கள், உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு பயமுறுத்தல். யார் சொன்னது, எந்த ஆண்டில் சொன்னது என்ற விவரம் எதுவும் இருக்காது. சரி, முகநூலைத் திறப்போம் என்றால் அங்கே யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் போய்விடும். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில், உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்மையிலேயே வேண்டிய செய்தி ஒன்றாவது வந்ததா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் தங்கையின் மகள் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். அவள் விரும்பிய படிப்புக்கு ஒரு கல்வி நிலையம் உபகாரச் சம்பளம் கொடுப்பதாக அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்து சேர்ந்தபோது விண்ணப்ப நாள் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் மற்றொருவருக்கு அனுப்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. "அண்ணே, போன்ல ஆயிரம் வருது. வேண்டியது மட்டும் வரல" என்று என் தங்கை அழுதாள். அந்தப் பெண் ஓர் ஆண்டு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, அதன் பிறகு வேறு படிப்பில் சேர்ந்தாள்.

பின்னர் ஒரு நாள் அந்தக் கல்வி நிலையத்தின் இணையத்தளத்தை நான் திறந்து பார்த்தேன். அந்த அறிவிப்பு முடிவு நாளுக்கு மூன்று வாரத்துக்கு முன்பே அங்கே போடப்பட்டிருந்தது! அந்தத் தளத்துக்குச் 'செய்தியோடை' என்ற வசதியும் இருந்தது. அதைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருந்தால், அறிவிப்பு வெளியான அன்றே எங்கள் கைக்கு வந்திருக்கும். தெரியாமல் போனதுதான் எங்கள் குற்றம். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

செய்தியோடை என்றால் என்ன?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்து லயங்களுக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். வேலை முடிந்து குளித்துவிட்டு ஒவ்வொருவரும் ஆபீசுக்கு நடந்துபோய், "எனக்குக் கடுதாசி வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது வழக்கம். ஆபீஸ் பையன் ஒருவன் நல்லவனாக வாய்த்துவிட்டால் கவலையில்லை. அவனே கடிதங்களை எடுத்துக்கொண்டு, யார் யாருக்கு எது எது என்று பார்த்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

இணையத்திலும் இதே கதைதான். உங்களுக்கு வேண்டிய பத்து இணையத்தளங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று செய்தித் தளம், ஒன்று கல்வி நிலையம், ஒன்று சமையல் குறிப்பு, ஒன்று உடல்நலம். ஒவ்வொன்றையும் தினமும் திறந்து, "புதிதாக ஏதாவது உண்டா?" என்று பார்க்க நமக்கு நேரம் ஏது? இந்த வேலையைச் செய்வதற்கு ஓர் ஆபீஸ் பையன் இருக்கிறான். அவன் பெயர்தான் 'திரட்டி'.

பல இணையத்தளங்கள், நாம் கண்ணால் பார்க்கும் பக்கத்தோடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டியலையும் வைத்திருக்கின்றன. புதிதாக வந்தவற்றின் தலைப்பு, சுருக்கம், வெளியான தேதி, முழுச் செய்தி இருக்கும் முகவரி ஆகியவை அந்தப் பட்டியலில் வரிசையாக இருக்கும். புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று கீழே இறங்கும். ஓடையில் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடிக்கொண்டே இருப்பதால் தமிழில் இதற்குச் 'செய்தியோடை' என்று பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். திரட்டி என்பது உங்கள் கைப்பேசியிலோ கணினியிலோ இருக்கும் ஒரு செயலி. நீங்கள் சொன்ன தளங்களின் ஓடைகளை அது அவ்வப்போது போய்ப் பார்த்து, புதியதை மட்டும் அள்ளிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் அடுக்கி வைக்கும்.

முகநூலில் உங்களுக்கு எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்பதை அந்த நிறுவனத்தின் கணக்குப்போடும் இயந்திரம் முடிவு செய்கிறது. உங்களை அதிக நேரம் பிடித்து வைப்பது எதுவோ அது மேலே வரும். உபகாரச் சம்பள அறிவிப்பு யாரையும் பிடித்து வைக்காது. ஆகவே அது அடியில் கிடக்கும். செய்தியோடையில் அந்த இடைத்தரகர் இல்லை. நீங்கள் கேட்ட தளம் வெளியிட்டது வெளியிட்டபடி, தேதி வரிசையில் வந்து நிற்கும். எது வேண்டும் என்று முடிவு செய்கிறவர் நீங்கள்தான்.

எப்போது வந்தது இது?

இது நேற்று முளைத்த காளான் அல்ல. 1999-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனம் இதை முதலில் வெளியிட்டது. பல தளங்களின் தலைப்புச் செய்திகளை ஒரே பக்கத்தில் வாசகர் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அதை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் டேன் லிபி. மற்றவர் ராமநாதன் குகா. இந்தக் குகா சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

இதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்.எஸ்.எஸ்.' என்று பெயர். இந்தியாவில் அதே மூன்றெழுத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, குழம்ப வேண்டாம். பின்னாளில் டேவ் வைனர் என்ற அமெரிக்கர் இதை மேலும் வளர்த்தார். இன்று பெரிதும் புழங்கும் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்ற வடிவம் 2002-ஆம் ஆண்டில் வந்தது. 'ஆட்டம்' என்ற பெயரில் இன்னொரு வடிவம் 2005-இல் வந்தது. விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள், அணுவுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பெயர் அது! எந்த வடிவமானாலும் உங்கள் திரட்டி புரிந்துகொள்ளும். நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழர்களும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 2004-ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் என்பவர் 'தமிழ்மணம்' என்ற திரட்டியைத் தொடங்கினார். உலகத்தின் பல மூலைகளில் தமிழில் எழுதியவர்களின் படைப்புகளை, செய்தியோடைகளின் வழியாக ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டியது அது. மலேசியாவில் எழுதியதைக் கனடாவில் இருப்பவரும், ஐரோப்பாவில் எழுதியதைச் சிங்கப்பூரில் இருப்பவரும் அன்றன்றே படித்தார்கள்.

எப்படித் தொடங்குவது?

இனி செயலுக்கு வருவோம். கையில் கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: திரட்டியைத் தேர்ந்தெடுத்தல். 'ஃபீட்லி', 'இனோரீடர்' என்ற இரண்டும் எல்லா வகைக் கைப்பேசிகளிலும் கிடைக்கும். ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர வேண்டும். அப்படிச் சேர்ந்துவிட்டால் கைப்பேசியில் படித்ததைக் கணினியிலும் தொடரலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் 'நெட்நியூஸ்வயர்' என்பதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு 'ஃபீடர்' என்ற இலவசச் செயலி உண்டு. இந்த இரண்டுக்கும் பெயரோ மின்னஞ்சலோ கொடுக்கத் தேவையில்லை. கணினியில் மட்டும் படிப்பவர்களுக்குத் 'தண்டர்பேர்ட்' என்ற மின்னஞ்சல் மென்பொருளிலேயே இந்த வசதி இருக்கிறது. ஏதாவது ஒன்று போதும். எல்லாவற்றையும் இறக்கிக் கைப்பேசியை நிரப்பாதீர்கள்.

இரண்டாம் படி: முதல் ஓடையைச் சேர்த்தல். செயலியைத் திறந்தால் எங்கேனும் ஒரு கூட்டல் குறி தெரியும். அதைத் தட்டுங்கள். ஒரு கட்டம் வரும். அதில் நீங்கள் விரும்பும் தளத்தின் முகவரியை ஒட்டுங்கள். ஃபீட்லி, இனோரீடர் போன்றவற்றில் தளத்தின் பெயரைக் கொடுத்தும் தேடலாம். பழகிக்கொள்வதற்குப் பி.பி.சி. தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-ஆம் ஆண்டில் வானொலியாகத் தொடங்கிய பி.பி.சி. தமிழ்ச் சேவைக்கு இன்று தமிழிலேயே செய்தியோடை இருக்கிறது. அதைச் சேர்த்தவுடன் தமிழ்த் தலைப்புகள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். முதன்முதலில் அதைப் பார்க்கும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பாருங்கள்!

மூன்றாம் படி: மற்ற தளங்களைத் தேடுதல். சில தளங்களில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறிய சதுரம் இருக்கும். அதன் மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அந்தப் புள்ளியிலிருந்து வானொலி அலை கிளம்புவதுபோல் இரண்டு வளைவுகள். அதுதான் செய்தியோடையின் அடையாளம். சிங்கப்பூரின் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழ், 'சி.என்.ஏ.' ஆகியவை உள்நாடு, உலகம், விளையாட்டு என்று பிரிவுக்கு ஓர் ஓடையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டிய பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடையாளம் கண்ணில் படவில்லையா? விட்டுவிடாதீர்கள். தளத்தின் முகப்புப் பக்க முகவரியை அப்படியே திரட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஓடை மறைவாக இருந்தாலும் திரட்டி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. உலகத்தில் ஏராளமான தளங்கள் 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளால் நடக்கின்றன. அத்தகைய தளமாக இருந்தால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் ஓடை திறந்துவிடும்.

நான்காம் படி: அடுக்கி வைத்தல். நம் சமையலறையில் மிளகாய்க்கு ஒரு டப்பா, மல்லிக்கு ஒரு டப்பா வைக்கிறோம் அல்லவா? திரட்டியிலும் அப்படியே. 'பிள்ளைகள் படிப்பு', 'நாட்டு நடப்பு', 'உடல்நலம்', 'சமையல்' என்று தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். காலையில் அவசரமாக வேலைக்குப் புறப்படும்போது முதல் டப்பாவை மட்டும் திறந்து பார்த்தால் போதும். மற்றதை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம்.

படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உண்டு

யூடியூபில் நீங்கள் பார்க்கும் அலைவரிசைகளுக்கும் செய்தியோடை உண்டு. அலைவரிசையின் முகவரியைத் திரட்டியில் ஒட்டினால் பெரும்பாலும் அது ஏற்றுக்கொள்ளும். புதிய காணொளி வந்தால் தலைப்பு வந்து நிற்கும். பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கும் வேறு படங்கள் உங்களை இழுக்காது.

'பாட்காஸ்ட்' என்று பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறார்களே, அதுவும் இந்த ஓடையில்தான் வருகிறது. தலைப்போடு ஓர் ஒலிப்பதிவையும் சேர்த்து அனுப்பும் வசதி 2000-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே ஆர்.எஸ்.எஸ்.ஸில் சேர்க்கப்பட்டது. ஆகவே படிக்க முடியாத பாட்டிக்கு ஒரு தமிழ் ஒலி நிகழ்ச்சியைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள். அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து கேட்பார்.

உங்களுக்கு எழும் சந்தேகங்கள்

காசு கேட்பார்களா? மேலே சொன்ன எல்லாவற்றையும் இலவசமாகத் தொடங்கலாம். ஃபீட்லி, இனோரீடர் இரண்டிலும் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் வசதிகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு அவை தேவைப்படாது.

தொலைபேசி எண் கொடுக்க வேண்டுமா? ஒரு தளத்தின் ஓடையைச் சேர்ப்பதற்கு அந்தத் தளத்துக்கு உங்கள் பெயரோ எண்ணோ தேவையில்லை. யாராவது வங்கி விவரமோ அடையாள அட்டை எண்ணோ கேட்டால் அது செய்தியோடை அல்ல, மோசடி. உடனே மூடிவிடுங்கள்.

இணையச் செலவு அதிகமாகுமா? தலைப்பும் சுருக்கமும் வெறும் எழுத்துதான். காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் அது கடுகளவு.

முழுச் செய்தியும் வருமா? சில தளங்கள் முழுவதையும் தரும். சில தளங்கள் இரண்டு வரியைத் தந்து, மீதியைத் தன் பக்கத்துக்கு வந்து படிக்கச் சொல்லும். சந்தா கட்ட வேண்டிய பத்திரிகை என்றால் அங்கே சந்தா கட்டித்தான் படிக்க வேண்டும்.

வருவதெல்லாம் உண்மையா? இது முக்கியமான கேள்வி. ஆபீஸ் பையன் கடிதத்தைக் கொண்டுவருவான். கடிதத்தில் இருப்பது உண்மையா என்று அவனுக்குத் தெரியாது. பொய் சொல்லும் தளத்தைச் சேர்த்தால் பொய்தான் வரும். ஆனால் ஒன்று. யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பது ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தெரியும். பெயரில்லாத புலனச் செய்தியில் அது கிடையாது. ஒரு தளம் இரண்டு மூன்று முறை உங்களை ஏமாற்றினால் ஒரே தட்டில் நீக்கிவிடுங்கள். கோபித்துக்கொள்ள யாரும் இல்லை!

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, பேராசை வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே ஐம்பது தளங்களைச் சேர்த்துவிடுவார்கள். மறுநாள் பார்த்தால் படிக்காத செய்தி எழுநூறு என்று காட்டும். பயந்துபோய்ச் செயலியையே மூடிவிடுவார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். ஐந்து தளங்களோடு தொடங்குங்கள். மாதம் ஒன்று போனதும், நீங்கள் ஒரு முறைகூடத் திறக்காததை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். படிக்காதவை குவிந்துவிட்டால் 'எல்லாம் படித்தாயிற்று' என்ற பொத்தானைத் தட்டுங்கள். இது தேர்வு அல்ல. யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

இரண்டாவது, உங்கள் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். 2005-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் 'கூகுள் ரீடர்' என்ற திரட்டியைத் தொடங்கியது. உலகம் முழுவதும் அதை நம்பிப் பலர் படித்தார்கள். 2013-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அதை மூடிவிட்டார்கள். ஆனால் செய்தியோடைகள் நிற்கவில்லை, கொண்டுவந்த பையன்தான் மாறினான். தங்கள் பட்டியலை எடுத்து வைத்திருந்தவர்கள் மறுநாளே வேறு திரட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்கு உதவும் கோப்புக்கு 'ஓ.பி.எம்.எல்.' என்று பெயர். உங்கள் திரட்டியின் அமைப்புப் பகுதியில் 'ஏற்றுமதி' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் அந்தக் கோப்பு கிடைக்கும். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆலய நிர்வாகத்தினரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, இளைஞர் மன்றத்தினரே! உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் அறிவிப்புகளை முகநூலில் மட்டும் போட்டுவிட்டு, "எல்லாரும் பார்த்திருப்பார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். முகநூல் பக்கங்களுக்கு இப்போது செய்தியோடை கிடையாது. உங்கள் உறுப்பினர்களில் யாருக்கு அது காட்டும், யாருக்குக் காட்டாது என்பது உங்களுக்கும் தெரியாது. திருவிழா, இரத்ததானம், இலவச வகுப்பு, கல்வி உதவி என்று நீங்கள் பாடுபட்டு ஏற்பாடு செய்வது, தேவைப்பட்டவரின் கண்ணில் படாமலே போகலாம்.

ஒரு சிறிய இணையத்தளம் வைத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸில் தொடங்கினால் செய்தியோடை தானாகவே உருவாகிவிடும், தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மன்றத்தில் கணினி படித்த பிள்ளை ஒருவராவது இருப்பார். அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். அறிவிப்பை முதலில் தளத்தில் போடுங்கள். பிறகு அதன் முகவரியை முகநூலிலும் புலனத்திலும் போடுங்கள். மூன்று வழியாகவும் மக்களுக்குப் போய்ச் சேரட்டும்.

வாசகர்களே, என் தங்கை வீட்டில் இப்போது திரட்டி இருக்கிறது. தங்கை மகள்தான் அமைத்துக் கொடுத்தாள். மொத்தம் ஒன்பது தளங்கள். அவற்றில் நான்கு கல்வி உதவி பற்றியவை. அவளுக்கு இனி அவை தேவையில்லை. அவள் தம்பி இப்போது நான்காம் படிவம் படிக்கிறான், அவனுக்காக வைத்திருக்கிறாள். தினமும் காலையில் பால் அடுப்பில் ஏறியதும் என் தங்கை அதைத் திறந்து ஐந்து நிமிடம் பார்க்கிறாள். பால் பொங்குவதற்குள் முடிந்துவிடுகிறது என்கிறாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம். இன்று இரவே ஒரு திரட்டியை இறக்குங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தளம் ஒன்றை முதலில் சேருங்கள்.